மூடிப் பார்த்து வாங்குங்கள்

வாகனத்தின் பின்னால் இழுத்துப் போய், நின்ற இடத்தில் விரித்துத் தூங்குகிற கேம்பிங் ட்ரெய்லரை, விற்கிற இடத்தில் எப்போதும் திறந்துதான் காட்டுவார்கள். கொக்கிகளை விடுவிப்பார்கள், வின்ச் என்கிற கம்பிவட உருளையைச் சுற்றுவார்கள், மேல்மூடி எழும்பி மறுபக்கம் சரியும், மடிந்து கிடந்த கேன்வாஸ் விறைத்து நின்று கூடாரமாகும். உள்ளே விரித்த மெத்தையும் விளக்கும் கண்ணில் பட்டவுடன் வாங்க வந்தவர் பாதி முடிவெடுத்துவிடுவார். அழகான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் கரடுமுரடான பாதைகளில் ட்ரெய்லர் இழுத்துப் பழகியவர்கள் கூடிப் பேசும்போது கவனித்திருக்கிறேன். அவர்கள் பேச்சு பெரும்பாலும் காலையில் அதை மூடுவதைப் பற்றியே இருக்கும்.

மாலையில் திறக்கும்போது வந்து சேர்ந்த உற்சாகம் நம்மோடு இருக்கிறது. காலையில் அது இருக்காது. அன்று ஓட வேண்டிய தூரம் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கேன்வாஸ் பனியில் நனைந்திருக்கும். முந்தின நாள் அடங்கிய போர்வை இன்று அடங்க மறுக்கும். ஒவ்வொரு வகை ட்ரெய்லரின் உண்மையான குணமும் அந்த நேரத்தில்தான் தெரியவரும். பலவகைகளில் தூங்கியும் இழுத்தும் பார்த்த பிறகு என் மனத்தில் உறுதிப்பட்ட கணக்கு இதுதான்: மூடுவது எளிதாக எளிதாக ட்ரெய்லரின் எடை ஏறுகிறது, எடை ஏற ஏற அது போக முடிகிற பாதைகள் குறைகின்றன. எந்த வகையை வாங்கலாம் என்ற கேள்வி, உங்கள் காலைப் பொழுதுகளுக்கும் நீங்கள் போக விரும்பும் பாதைகளுக்கும் நடுவே நடக்கிற பேரம். இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒரே ஒரு வகை இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எடை குறைந்த முனையில் இருப்பது துணித்தரை வகை. சாஃப்ட் ஃப்ளோர் என்று விளம்பரங்களில் வரும். கீழே ஒரு பெட்டி ட்ரெய்லர். அதன் மேல் படுக்கை. படுக்கையிலிருந்து பக்கவாட்டிலோ பின்பக்கமோ பெரிய கூடாரம் தரையில் இறங்கும். கூடாரத்தின் தரை தடித்த பிவிசி துணி. வெற்று எடை பெரும்பாலும் 600 முதல் 900 கிலோவுக்குள் நிற்கும். இந்த எடைக்குக் கிடைக்கிற இடத்தை வேறு எந்த வகையும் தராது. நாலைந்து பேர் மழையில் ஒருநாள் முழுக்க உள்ளே உட்கார்ந்திருக்கலாம். பெட்டிக்குள் சாமான் வைக்கவும் நிறைய இடம் உண்டு. இயங்கும் பாகங்கள் குறைவு என்பதால் கெட்டுப்போகவும் அதிகம் இல்லை.

அதற்கான விலையைக் காலையில் கொடுக்கிறோம். முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். கம்பங்களைச் சுருக்க வேண்டும். பிவிசி தரையின் அடிப்பக்கத்தில் ஒட்டிய சேற்றைத் துடைக்காமல் மடித்தால் அந்தச் சேறு அடுத்த மாலை படுக்கையின் மேல் வந்து விழும். ஈரக் கேன்வாஸின் கனமும் சேர்ந்துகொள்ளும். மடித்த மூட்டையின் மேல் தார்ப்பாயை இழுத்துப் பூட்டுவதற்குள் தோள் வலி கண்டுவிடும். ஓரிடத்தில் ஐந்தாறு நாள் தங்குகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஐந்தாறு நாளுக்கு ஒரு முறைதானே மூடப்போகிறார்கள். இரவுக்கு ஓரிடம் என்று நகர்கிறவர்கள் சில நாட்களிலேயே சலித்துப்போவார்கள். நல்ல ட்ரெய்லரைக் குறை சொல்லி விற்றுவிட்டுப் போனவர்கள் பலரும் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

பின்மடிப்பு, முன்மடிப்பு இரண்டும் இதற்கு மாற்றாக வந்தவை. இரண்டிலும் மேல்மூடி கெட்டியான பலகைப் பெட்டி. பின்மடிப்பில் அந்த மூடி பின்பக்கம் கவிழ்ந்து தரையாகிறது. படுக்கை ட்ரெய்லரின் மேலேயே இருக்கும். சேற்றில் துணி படுவதில்லை, காலுக்குக் கீழே பலகை. முன்மடிப்பில் மூடி முன்பக்கம், வாகனத்தோடு இணைக்கும் இழுகம்பத்தின் மேல் கவிழ்ந்து படுக்கைக்கு இடம் தரும். ட்ரெய்லரின் வயிற்றுப் பகுதி மேசையும் இருக்கைகளுமாக மாறும். மழை நாளில் நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது முன்மடிப்பின் பெரிய கவர்ச்சி. ஓரிரவு மட்டும் தங்குவதென்றால் முளை அடிக்காமலே சமாளிக்கலாம். இவற்றின் வெற்று எடை பொதுவாக 1,000 கிலோவைத் தாண்டும். முன்மடிப்பு பலவும் 1,200 முதல் 1,600 வரை போகும்.

முன்மடிப்பை ஈரமான காலையில் மூடுவது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காட்சிக்கூடத்தில் இது கண்ணில் படுவதே இல்லை. முதலில் உள்ளிருக்கும் வளைவுக் கம்பிகளைத் தளர்த்த வேண்டும். ஜன்னல் துணிகளைச் சுருட்டிக் கட்ட வேண்டும். ஆனால் ஒரு ஜிப்பைத் திறந்தே விட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று வெளியேறாமல் கேன்வாஸ் பலூனாக உப்பி நிற்கும். வின்ச்சைச் சுற்றச் சுற்ற மூடி எழும்பும். உச்சியைத் தாண்டி மறுபக்கம் சரியத் தொடங்கும்போது ஒருவர் வின்ச்சில் நிற்க, இன்னொருவர் ட்ரெய்லரைச் சுற்றி வந்து வெளியே பிதுங்கும் துணியை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று பக்கமும் அடங்கிவிடும். நான்காவது மூலையில், கீலுக்குப் பக்கத்தில், கைப்பிடி அளவு துணி எப்போதும் வெளியே எட்டிப் பார்க்கும். அதைக் கவனிக்காமல் கொக்கியை அழுத்திப் பூட்டினால் ரப்பர் பட்டை அந்த இடத்தில் சரியாக உட்காராது. அந்த இடைவெளி வழியாக நாள் முழுக்கத் தூசி உள்ளே போய்ப் படுக்கையில் படியும். துணியும் அதே மடிப்பில் தினமும் நசுங்கி, ஒரு பருவத்துக்குள் அங்கே ஓட்டை விழும். இருவராக இருந்தால் இத்தனையும் நிதானமான வேலைதான். ஒருவர் மட்டும் செய்தால், வின்ச்சுக்கும் அந்த மூலைக்குமாக நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே தனியாகப் பயணம் போகிறவர், அல்லது கூட வருகிறவருக்கு முதுகோ முழங்காலோ ஒத்துழைக்காதவர், விற்பனையாளரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்: இதை நான் ஒருவனே மூடிப் பார்க்கிறேன், நீங்கள் கை வைக்காமல் நில்லுங்கள். மெத்தையின் மேல் தலையணை, போர்வை எல்லாம் இருக்கிறபடியே மூடிப் பாருங்கள். காட்சிக்கு வைத்த ட்ரெய்லரில் படுக்கை வெறுமையாக இருக்கும். அப்போது எளிதாக மூடுகிற மூடி, வீட்டுப் போர்வைகளை வைத்தபின் இரண்டு விரல் உயரம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இன்னொரு கேள்வியையும் அங்கேயே கேட்டுவிடலாம். மூடிய நிலையில் எதையெல்லாம் எடுக்க முடிகிறது? மதியம் வழியில் நிறுத்திச் சாப்பிட வேண்டும். அடுப்பும் ஃபிரிட்ஜும் தண்ணீர்க் குழாயும் திறக்காமலே கைக்கு எட்டினால் அன்றைய பயணம் சுகம். மழைச் சட்டையும் முதலுதவிப் பெட்டியும் மடிந்த கூடாரத்துக்குள் சிக்கிக்கொண்டால் அவை இல்லாததற்குச் சமம். என் மனைவி எந்த ட்ரெய்லரைப் பார்த்தாலும் முதலில் அதைச் சுற்றி வந்து, மூடியபடியே எத்தனை கதவுகள் திறக்கின்றன என்று எண்ணுவாள். மெத்தையின் தடிமனைவிடப் பயனுள்ள சோதனை அது. முன்மடிப்பை வாகனத்தோடு இணைத்தபடியே விரித்தால் வாகனத்தின் பின்கதவைத் திறக்க இடம் மிஞ்சுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். இழுகம்பம் குட்டையாக இருந்தால் மிஞ்சாது.

கேன்வாஸ் உள்ள எந்த வகையானாலும் ஈரத்தைப் பற்றிய ஒழுக்கம் வேண்டும். புதுப் பருத்திக் கேன்வாஸை முதல் பயணத்துக்கு முன் நன்றாக நனைத்துக் காயவிட வேண்டும். நூல் ஊறிப் பருத்து, தையல் ஊசி போன துளைகளை அடைத்துக்கொள்ளும். ஒரு முறைக்கு இரண்டு மூன்று முறை செய்வது நல்லது. செய்யாதவர்கள் முதல் மழையில் தையல் வழியாகச் சொட்டுவதைப் பார்த்துவிட்டு ட்ரெய்லரையே குறை சொல்வார்கள். ஈரத்தோடு மடித்தால் ஓரிரு நாளுக்குள் மறுபடி விரித்துக் காயவைத்தாக வேண்டும். பூசணம் பிடித்த கேன்வாஸின் கறுப்புப் புள்ளிகள் எளிதில் போவதில்லை, அந்த நெடியும் போவதில்லை. வீட்டில் அதை விரித்து உலர்த்த இடம் இல்லாதவர்கள் கேன்வாஸ் அதிகமுள்ள வகையைத் தவிர்ப்பதே நல்லது. ட்ரெய்லரை நிறுத்த இடம் இருக்கிறதா என்று மட்டும் எல்லாரும் பார்க்கிறார்கள். விரிக்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

அடுத்தது ஹைப்ரிட். சுவர்கள் கெட்டி, கூரை மட்டும் மேலே எழும்பும், எழும்பிய இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் கேன்வாஸ். சிலவற்றில் படுக்கை அலமாரி இழுப்பறையைப் போல் வெளியே நீளும். அடுப்படி பெரும்பாலும் வெளியே, பக்கவாட்டில் இழுத்துத் திறப்பது. கூரையை இறக்கி, துணியை உள்ளே தள்ளி, நான்கு கொக்கிகளைப் போட்டால் காலை வேலை முடிந்தது. படுக்கை விரித்தது விரித்தபடி இருக்கும். தினமும் இடம் மாறுகிற பயணத்துக்கு இதைவிடச் சுகமானது இல்லை. வெற்று எடை 1,600 முதல் 2,200 கிலோ வரை. முழு உயரக் கேரவன்களில் ஆஃப்-ரோடுக்கு, அதாவது கரடுமுரடான பாதைக்கு, என்று விற்பவை 2,500 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். அவற்றைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அவை நல்ல வீடுகள். சரளைச் சாலை வரை வரும். அதற்கு மேல் அவற்றை இழுத்துப் போகிறவர்கள் கிளைகளுக்கும் குறுகிய வளைவுகளுக்கும் பயந்துகொண்டே போவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

எடையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், விளம்பரத்தில் போடுவது வெற்று எடை. சாலையில் இழுப்பது சாமான் ஏற்றிய எடை. 1,500 கிலோ வெற்று எடையும் 1,900 கிலோ அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் உள்ள ஒரு முன்மடிப்பை எடுத்துக்கொள்வோம். கையில் இருப்பது 400 கிலோ. தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் 150 லிட்டர் தொட்டி நிரம்பியவுடன் 150 கிலோ போயிற்று. ஒன்பது கிலோ எரிவாயு கொள்ளும் சிலிண்டர் இரண்டு என்றால், சிலிண்டரின் இரும்பையும் சேர்த்து நாற்பது கிலோவுக்கு அருகில் வரும். ஃபிரிட்ஜும் அதற்குள் இருக்கும் உணவும் ஓர் ஐம்பது. மெத்தை விரிப்புகள், நாற்காலிகள், மேல்விதானம், கருவிகள், இரண்டாவது ஸ்டெப்னி, பிள்ளைகளின் பைகள் என்று சேரச் சேர 400 எங்கே போனதென்று தெரியாது. பேட்டரி மட்டும் இப்போது கொஞ்சம் கருணை காட்டுகிறது: நூறு ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி முப்பது கிலோவை நெருங்கும், அதே கொள்ளளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பன்னிரண்டு கிலோவைச் சுற்றியே நிற்கும்.

இழுக்கும் வாகனத்தின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. 3,500 கிலோ இழுக்கும் என்று சொல்லப்படும் வாகனம், எல்லா நேரமும் 3,500 இழுக்கும் என்று பொருளில்லை. வாகனமும் ட்ரெய்லரும் சேர்ந்து இவ்வளவுதான் என்று தயாரிப்பாளர் ஒரு கூட்டு எல்லை வைத்திருப்பார். அது 6,000 கிலோ என்றும், ஆட்களும் சாமானும் ஏறிய வாகனம் 3,100 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், ட்ரெய்லருக்கு மிஞ்சுவது 2,900தான். போதாக்குறைக்கு, ட்ரெய்லரின் மூக்கு வாகனத்தின் மேல் அழுத்துகிற எடையும் வாகனத்தின் சுமையில் சேரும். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மொத்த எடையில் பத்து விழுக்காட்டை ஒட்டி அந்த மூக்கெடை இருக்கட்டும் என்பார்கள். 2,000 கிலோ ட்ரெய்லர் என்றால் 200 கிலோ. மூக்கெடை மிகக் குறைந்தால் வேகத்தில் ட்ரெய்லர் பாம்பாக நெளியும். மிக அதிகமானால் வாகனத்தின் முன்சக்கரங்களின் பிடி தளரும். தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கச் சொல்வது இதனால்தான். முன்னால் இருக்கும் தொட்டி காலியாகக் காலியாக மூக்கெடை குறைந்துகொண்டே வரும். சாமான் ஏற்றியபின் எடைமேடையில் ஒரு முறை நிறுத்திப் பார்த்துவிட்டால் ஊகத்துக்கு வேலையில்லை.

பிரேக் விஷயத்திலும் எடைதான் முடிவு செய்கிறது. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோ ஓர் எல்லைக்கோடு. அதற்கு மேல் போனால் ட்ரெய்லருக்கே பிரேக் இருந்தாக வேண்டும். ஆஸ்திரேலிய விதிப்படி 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக்கும், ட்ரெய்லர் கழன்றால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். செங்குத்தான சரளை இறக்கத்தில் பின்னாலிருந்து இரண்டு டன் தள்ளும்போது, ஓட்டுநர் இருக்கையிலிருந்தே அளவு கூட்டிக் குறைக்கக்கூடிய மின்சார பிரேக் இருப்பது எவ்வளவு ஆறுதல் என்பது இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனி பாதைகள். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் கிப் ரிவர் ரோடு என்று சுமார் 660 கிலோமீட்டர் நீளச் சாலை இருக்கிறது. மாட்டுப் பண்ணைகளிலிருந்து மாடுகளை ஏற்றி வர உருவான சாலை. ஆஃப்-ரோடு ட்ரெய்லர் செய்கிறவர்கள் எல்லாரும் தங்கள் சரக்கு அதைத் தாங்கும் என்று சொல்ல ஆசைப்படுவார்கள். அங்கே வண்டியை உடைப்பது பெரும்பாலும் பாறையோ பள்ளமோ அல்ல. சாலையின் குறுக்கே வரிவரியாக எழும்பி நிற்கும் அலைமேடுகள். மணிக்கணக்கில் நிற்காத அதிர்வு. ஷாக் அப்சார்பர் அந்த அசைவை வெப்பமாக மாற்றித்தான் அடக்குகிறது. ஓய்வு கொடுக்காமல் ஓட்டினால் உள்ளிருக்கும் எண்ணெய் சூடேறி அடக்கும் திறன் விழுந்துவிடும். அதன் பிறகு அடியெல்லாம் ஸ்பிரிங்குக்கும் அதைத் தாங்கும் பற்றவைப்புக்கும் போகும். எடை அதிகமான ட்ரெய்லர் சீக்கிரம் இந்த நிலைக்கு வரும். அப்படிப்பட்ட சாலையில் நிறுத்தும்போதெல்லாம் நான் இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பிலும் புறங்கையை முதலில் அருகே கொண்டுபோவேன். சூடு தாங்கும்படி இருந்தால் உள்ளங்கையை வைப்பேன். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. இடது ஹப்பில் கை வைக்க முடிகிறது, வலது ஹப்பில் வைக்க முடியவில்லை என்றால், அங்கே பேரிங் தேய்கிறது அல்லது பிரேக் விடாமல் உரசுகிறது. அன்றைய பயணம் அங்கேயே நிற்க வேண்டும். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் ஆகும். மாற்று பேரிங்கும் கிரீஸும் இல்லாமல் இந்த மாதிரிச் சாலைக்குப் போகவே கூடாது.

மணலுக்கு வேறு கணக்கு. அதே நாட்டில் ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர் நீளும் கேனிங் ஸ்டாக் ரூட்டில் மணல்மேடு மணல்மேடாக ஏறி இறங்க வேண்டும். அங்கே ட்ரெய்லரே கொண்டு வர வேண்டாம் என்று வெளிப்படையாக அறிவுறுத்துகிறார்கள். ட்ரெய்லர் மணலில் நங்கூரமாகிவிடும். ஏற முடியாமல் முயன்று முயன்று பின்வாங்குகிற வண்டி, பின்னால் வருகிறவர்களுக்கும் பாதையைக் கெடுத்துவிடும். எந்த ட்ரெய்லர் என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன்னால், நாம் கனவு காணும் பாதை ட்ரெய்லரை ஏற்கிற பாதையா என்று பார்த்துவிட வேண்டும். ஏற்காது என்றால் வாகனக் கூரைக் கூடாரம்தான் பதில். கடற்கரை மணல் போன்ற எளிய மணலுக்கு இலேசான ட்ரெய்லர் போதும். ஆனால் வாகனத்தின் டயர்களில் காற்றழுத்தத்தை 15–20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கும்போது ட்ரெய்லரின் டயர்களிலும் குறைக்க வேண்டும். பலர் முன்னதைச் செய்து பின்னதை விட்டுவிடுகிறார்கள். கெட்டியாக நிற்கும் ட்ரெய்லர் டயர் மணலைக் கலப்பையாக உழுதுகொண்டு வரும்.

சக்கரம் பற்றிப் பேசும்போது எனக்குப் பிடித்த ஒரு பழைய வடிவமைப்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜீப்பின் பின்னால் போன கால் டன் ட்ரெய்லர். ஜீப்பின் அதே சக்கரங்கள், அதே டயர்கள். பெட்டி தண்ணீர் புகாதது; ஆற்றில் மிதக்கும்; உள்ளே புகுந்த தண்ணீரை வடிக்கத் தனி அடைப்பான் உண்டு. அதைச் செய்தவர்களுக்குப் பாதை என்னவென்று தெரிந்திருந்தது. இன்றைக்கும் நான் எந்த ட்ரெய்லரைப் பார்த்தாலும் முதலில் அதன் சக்கர நட்டுகளின் அமைப்பு வாகனத்தோடு பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பேன். வாகனத்தின் ஸ்டெப்னி ட்ரெய்லருக்கும் பொருந்தினால் இரண்டு ஸ்டெப்னி நான்கின் வேலையைச் செய்யும். இரு பக்கச் சக்கரங்களுக்கிடையே உள்ள அகலமும் வாகனத்தோடு ஒத்திருந்தால், வாகனம் போட்ட தடத்திலேயே ட்ரெய்லரும் வரும்; மணலிலும் சேற்றிலும் இழுக்கும் பளு குறையும்.

ஸ்பிரிங் விஷயத்தில் எனக்குச் சார்பு உண்டு, மறைக்கவில்லை. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும் காயில் ஸ்பிரிங் (சுருள்வில்) அமைப்பு உள்ளிருக்கும் சாமானுக்கு இதமானது. ஹைப்ரிட் போன்ற கெட்டிச் சுவர் வகைகளுக்கு அது கிட்டத்தட்ட அவசியம், இல்லையென்றால் அலமாரிக் கீல்கள் கழன்றுவரும். ஆனால் இலேசான துணித்தரை வகைக்கு, இரும்புப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கே போதும். ஒரு பட்டை முறிந்தாலும் கட்டுப்போட்டு மெதுவாக ஊர் வந்து சேரலாம். கனரக வண்டி பழுதுபார்க்கிற எந்தப் பட்டறையிலும் அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் இருப்பார். இணைப்பு எப்படி என்பதையும் பார்க்க வேண்டும். வழக்கமான 50 மில்லிமீட்டர் பந்து இணைப்பு நெடுஞ்சாலைக்காகப் பிறந்தது. வாகனம் ஒரு பக்கமும் ட்ரெய்லர் மறுபக்கமும் சாய்கிற பள்ளத்தில் அது ஓரளவுக்கு மேல் திரும்பாது. எல்லாத் திசையிலும் திரும்பக்கூடிய ஆஃப்-ரோடு இணைப்பு, டிஓ35 போன்றது, இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது.

டியர்டிராப்பைத்தான் கணக்குக்குள் அடங்காத வகை என்றேன். 1930களில் அமெரிக்காவில் தோன்றியது. கண்ணீர்த் துளி வடிவப் பெட்டி; உள்ளே படுக்கை மட்டும்; பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. இப்போது ஆஃப்-ரோடுக்காகச் சதுரப் பெட்டியாகவும் வருகிறது. வெற்று எடை 500 முதல் 1,000 கிலோவுக்குள். மூடும் வேலை என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை: பின்கதவை இறக்கினால் கிளம்பிவிடலாம். இலேசும் உண்டு, எளிமையும் உண்டு என்றால் இழப்பு எங்கே? இடத்தில். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, உட்காரலாம், அவ்வளவுதான். மழை பிடித்துக்கொண்டால் படுத்திருக்க வேண்டும். குளிர் இரவில் இருவர் விடும் மூச்சே சுவரில் நீராக வழியும்; ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துத்தான் தூங்க வேண்டும். தூசிக்கும் இந்தப் பின்கதவு பலவீனமான இடம். ஓடும் ட்ரெய்லரின் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், சக்கரம் கிளப்பிய தூசி அங்கேதான் உறிஞ்சப்படும். ரப்பர் பட்டை கொஞ்சம் தளர்ந்தாலும் அடுப்படித் தட்டில் விரலால் எழுதலாம். கூரையில் முன்பக்கம் பார்த்த காற்று வாய் ஒன்று வைத்து உள்ளழுத்தத்தைச் சற்றுக் கூட்டுவது நல்ல பரிகாரம். ஹைப்ரிட்களிலும் அதற்காகவே அப்படி ஒன்று வைக்கிறார்கள். இவ்வளவையும் சொன்ன பிறகும், பிள்ளைகள் இல்லாத, அல்லது பிள்ளைகள் தனிக் கூடாரத்தில் படுக்கிற வயதுக்கு வந்துவிட்ட இருவருக்கு, அடிக்கடி இடம் மாறும் பயணத்துக்கு, நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். மழையில் உட்கார ஒரு நல்ல மேல்விதானம் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிறு பிள்ளைகளோடு ஓரிடத்தில் தங்கி ஆற்றிலும் காட்டிலும் பொழுது கழிக்கிற குடும்பத்துக்குத் துணித்தரையே என் பரிந்துரை. அதற்கு முன்பு இருந்த நல்ல பெயர் இப்போது போய்விட்டது. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மூடக் கஷ்டம் என்று ஒதுக்குகிறவர்கள், தாங்கள் எத்தனை முறை மூடப்போகிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நீண்ட பயணத்தில் தினமும் நகர்கிற குடும்பத்துக்கு முன்மடிப்பு நடுவழி. இருவர் கை கொடுக்க முடிந்தால் நன்றாக உழைக்கும். பெரிய வாகனமும், சரளைச் சாலையோடு நிற்கிற பயணத் திட்டமும், வயதான உடம்பும் சேர்ந்திருந்தால் ஹைப்ரிட். பின்மடிப்பை யாருக்குச் சொல்வது என்பதில்தான் எனக்குத் தயக்கம். துணித்தரையின் இடமும் அதில் இல்லை, முன்மடிப்பின் மேசையும் இல்லை. ஆனால் நல்ல கட்டுமானத்தில், பழையதாக, கைக்கு அடக்கமான விலையில் கிடைத்தால் விட வேண்டாம்.

பழையதாக வாங்குவதில் எனக்கு நம்பிக்கை அதிகம். முந்தின ஆளின் பயணங்கள் ட்ரெய்லரின் உடம்பில் எழுதியிருக்கும். கேன்வாஸைப் பிரித்தவுடன் முகர்ந்து பாருங்கள். சமையல் இழுப்பறையை முழுக்க இழுத்துவிட்டு, அதன் பின்சுவரில் டார்ச் அடித்துப் பாருங்கள். துடைக்கக் கை எட்டாத அந்த மூலையில் செம்மண் படிந்திருந்தால் ரப்பர் பட்டைகள் எப்படியென்று தெரிந்துவிடும். அடியில் படுத்து, ஸ்பிரிங் தாங்கிகளும் இழுகம்பமும் சட்டத்தோடு சேருகிற இடங்களில் பற்றவைப்பின் ஓரத்தை விரலால் தடவுங்கள். விரிசல் முதலில் அங்கேதான், பெயின்ட்டில் மயிரிழைத் துருவாகத் தெரியும். புதிதாக அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம் அல்லது சக்கரத்தின் நேர் குலைந்திருக்கலாம். சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருந்தால், விலை பேசுவதற்கு முன் ஹப்பைக் கழற்றி பேரிங்கைக் காட்டச் சொல்லுங்கள்.